பொற்கைப் பாண்டியனும் முகமூடி வழக்கறிஞரும்

படக்கதை என்றதும் முகஞ்சுளிப்பது நம் தமிழாசிரியரிடையே நெடுநாளைய வழக்கம். சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸ் இதழ்களைப் பாடநூலுக்குள் மறைத்து, இரும்புக்கை மாயாவியோடு இரவைக் கழித்த தலைமுறையினரே இன்று மாணாக்கர் கையிலுள்ள படக்கதையைப் பறிக்கின்றனர். சிங்கப்பூரில் வாழும் ஓவியர் சன்னி லியூவின் படக்கதை நூலொன்று 2017இல் மூன்று ஐஸ்னர் விருதுகளை வென்ற பின்னரும் நம் மனம் இளகியதாகத் தெரியவில்லை. தேக்கா வட்டாரத்துப் பிள்ளைகளும் தீவின் மறுகோடிப் பிள்ளைகளும் இக்கதைகளை ஆங்கிலத்திற் படிக்கின்றனர். அவற்றில் எழும் அறவினாக்களையும் ஆங்கிலத்திலேயே ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சியில் தமிழுக்கு இடமில்லாமற் போனதே என் கவலை. ஆதலின் அவர்கள் விரும்பும் கதையொன்றை நம் இலக்கியக் கண்கொண்டு நோக்குதல் தகும்.

'டேர்டெவில்' 1964இல் ஸ்டான் லீ எழுத, பில் எவரெட் வரையத் தோன்றியது. கதைத்தலைவன் மேத்யூ மர்டாக் கண்பார்வையற்றவன். பகலில் வழக்கறிஞன், இரவில் முகமூடியணிந்து குற்றவாளிகளை அடித்து வீழ்த்துபவன். அவன் தந்தை குத்துச்சண்டை வீரர். தம்மைப்போல் மகனும் கைவலிமையால் வாழலாகாது, கல்வியால் உயரவேண்டும் என விழைந்து, அவனிடம் அவ்வாறே வாக்குப் பெறுகிறார். மகன் பார்த்திருக்கத் தோற்க மனமின்றிப் போட்டியில் வென்றதற்காகக் கொலையுண்டும் போகிறார்.

தந்தைக்குப் பழிவாங்க வேண்டும்; வாக்கோ தடுக்கிறது. என் செய்வான்? மர்டாக் கொடுத்த வாக்கு மர்டாக்கைத்தான் கட்டும், முகமூடியணிந்த வேறொருவனைக் கட்டாது என்று தேறுகிறான். இதனைக் கடந்து செல்வோர் கதையின் உயிர்நிலையைத் தவறவிடுகின்றனர். இவ்விரட்டை வாழ்வு பிறந்தது வீரத்தில் அன்று. ஒரு சட்டச் சந்தில். வழக்கறிஞன் வாதாடி வென்ற முதல் வழக்கு தன் தந்தைக்கு எதிராகவே. தயரதனே 'போகாதே' எனப் புலம்பியும் அவன் தந்த சொல்லுக்குள் சந்து தேடாத இராமனைக் கற்பிக்கும் நமக்கு இங்கே பேசுவதற்கு நிரம்ப உண்டு. ('அந்நியன்' படத்து அம்பியும் வழக்கறிஞனே. ஆயினும் அவன் நோயாளி. தான் செய்வதை அறியான். மர்டாக் அனைத்தும் அறிந்தே செய்கிறான்.)

இவனுக்கு உண்மையான மூதாதை நம்மிடம் உண்டு. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் பொற்கைப் பாண்டியன் கதையை எண்ணிப் பார்க்க. மக்கள் வழங்கும் விரிந்த வடிவில், மாறுவேடத்தில் நகர்காக்கும் மன்னன், கணவன் வெளியூர் சென்ற கீரந்தை மனையில் ஆண்குரல் கேட்டு ஐயுற்றுக் கதவைத் தட்டுகிறான். கணவனே திரும்பியிருந்தான் என்றறிந்ததும், அப்பெண்மேல் பழி வாராதிருக்கத் தெருவிலுள்ள கதவுகளை எல்லாம் தட்டிச் செல்கிறான். மறுநாள் அவைக்கு முறையீடு வருகிறது. இரவில் வேடமிட்டவனே பகலில் நீதிபதி! தட்டியவன் யாரென எவருக்கும் தெரியாது, வாளாவிருந்தால் தப்பியிருப்பான். அவனோ தட்டிய கையைத் தானே துணித்துக்கொள்கிறான்.

மர்டாக் இதற்கு நேர்மாறான வழியில் நடக்கிறான். பிரையன் மைக்கேல் பெண்டிஸ் 2002இல் எழுதிய பகுதியில், செய்தித்தாளொன்று அவன் இரகசியத்தை வெளியிடுகிறது. செய்தி உண்மை. எனினும் அவன் மறுத்துரைத்து, அத்தாளின்மீதே அவதூறு வழக்குத் தொடுக்கிறான். 2017இல் சார்லஸ் சூல், தாமும் வழக்கறிஞராதலின், நுட்பமாகவே கதை பின்னுகிறார்: முகமூடியணிந்தோர் தம் பெயர் கூறாமலே சாட்சியம் அளிக்கலாம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் மர்டாக் தீர்ப்புப் பெறுகிறான். வாதத்திறம் வியக்கத்தக்கது, அறம் எனக்கு உடன்பாடன்று. பெயரற்ற சாட்சியை எதிர்த்தரப்பு எவ்வாறு சோதிக்கும்? பாண்டியன் அவையில் கழற்றிய வேடத்தை இவன் அவையின் உரிமையாகவே ஆக்கிவிட்டான்.

இக்கருத்தை வகுப்பிற் கூறியபோது மாணவியொருத்தி மறுத்தாள். "பாண்டியனுக்குக் கைதான் போயிற்று ஐயா, மர்டாக் வெளிப்பட்டால் அவனைச் சார்ந்தவர்கள் உயிர் போகுமே" என்றாள். வலிய மறுப்புத்தான். ஃபிராங்க் மில்லர் எழுத, டேவிட் மாஸுக்கெல்லி வரைந்து 1986இல் வெளிவந்த 'மறுபிறப்பு'ப் பகுதி அவள் பக்கமே சான்று பகர்கிறது. போதைக்கு அடிமையான பழைய காதலி கேரன் அவன் பெயரை விற்றுவிடுகிறாள். அதனை அறிந்த பகைவன் அவனது வழக்கறிஞர் உரிமையைப் பறிக்கிறான், வீட்டையும் தகர்க்கிறான்.

ஆயினும் மறைப்பு எவரைக் காத்தது என்று அப்பகுதியே வினவுவதாக எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் இழந்து குற்றுயிராய்க் கிடப்பவனைத் துறவுப்பெண் ஒருத்தி பேணுகிறாள். நெடுங்காலமாக இல்லையென்றிருந்த தாய் இவள்தானோ என அவன் உள்ளம் உணர்கிறது, கேட்டும் விடுகிறான். அவள் இல்லை என்கிறாள். பிறர் நெஞ்சத்துடிப்பைச் செவியால் அறிந்து பொய்யை மெய்யினின்று பிரிக்க வல்லவன் அவன். அத்துடிப்பு மாறுவது அவனுக்குக் கேட்கிறது. வாதாடிப் பழகிய அவன் அன்று அவளைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை.