தசை தானே ஆறிக்கும், சரி. எப்போ ஆறும்?

பொதட்டூர்பேட்டை நெசவு ஊர். பாவு சுற்றிய பீமை ரெண்டு பேர் தூக்கி வந்து தறியில் மெல்ல இறக்குவாங்க. பழக்கமில்லாத பையன் ஒரு நாள் முழுக்க இந்த வேலையைச் செஞ்சா, மறுநாள் கையை மடக்க முடியாது. ஜிம்முக்குப் போற தம்பிங்க "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு"ன்னு சொல்லுவாங்க. அது தப்பு. அந்த அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். வலியோ ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும்.

சுமையை இறக்கும்போது தசை அதைத் தாங்கிக்கிட்டே நீளுது. அப்போதுதான் சார்கோமியர் என்ற சுருங்கும் அலகுகள் அதிகமாகக் கலைகின்றன. செல் சவ்வும் அங்கங்கே கிழிந்து கால்சியம் உள்ளே பாய்கிறது.

1961-இல் அலெக்சாண்டர் மௌரோ தசையின் துணைச் செல்களைக் கண்டு சொன்னார். அதன்பின் தசைப் பழுது என்றாலே அவற்றின் வேலை என்றுதான் பேச்சு. 2021 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் வில்லியம் ரோமன் குழு வெளியிட்ட ஆய்வு இதைத் திருத்தியது. ஒரு தசைநாரில் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் உண்டு. சின்னக் காயம் பட்டால், கால்சியம் கொடுக்கும் சைகையைப் பிடித்து, பக்கத்து உட்கருக்கள் நுண்குழல்கள் வழியாகக் காயத்துக்கு நகர்கின்றன. புதுப் புரதத்துக்கான எம்.ஆர்.என்.ஏ.வை அந்த இடத்திலேயே தருகின்றன. துணைச் செல் தேவையில்லை. எலியிலும் மனிதரிலும் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

அருமையான வேலை. நகர்வைத் தடுத்தால் பழுதுபார்ப்பு தாமதமாகிறது என்றும் சோதித்தது இதன் பலம்.

என் குறை, இதை வெளியே பேசும் விதத்தில்தான். "உடம்பு தன்னைத்தானே சரி செஞ்சுக்கும், வலியைப் பொருட்படுத்தாதே" என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். ஆய்வில் இருப்பது ஒருமுறை ஓடிய ஓட்டம், அதன்பின் பல மணி நேரம். நெய்த கணக்குக்குக் கூலி வாங்குறவருக்கு அந்த மணி நேரங்கள் கிடைக்குமா? பழகிய தசையில் சேதம் குறையும், உண்மைதான். ஆனால் தோள்மூட்டும் முதுகெலும்பும் தசைநார் கிடையாது. அவற்றுக்கு இந்த ஆய்விலிருந்து எந்த உத்தரவாதமும் எடுக்க முடியாது.

தசைக்குள் பழுதுபார்க்கும் ஆள் இருக்கிறார் என்பது நல்ல செய்தி. அவருக்கும் நேரம் வேணும் என்பது அதே செய்தியின் மறுபாதி.