தோட்டத்து நாவல்கள்: ஒரு கிராணியின் அபிப்பிராயம்

நாவல் வாசிப்பது வேலையற்றோர் வேலை என்று கருதும் பெரியோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்களோடு வழக்காட எனக்கு நேரமில்லை. பகலெல்லாம் செம்பனைக் குலைகளின் எண்ணிக்கையையும் ஆட்களின் பெயரையும் எழுதிக் களைத்த கைக்கு இரவில் ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறது, அவ்வளவே. சென்ற சில மாதங்களில் அவ்வாறு வாசித்தவற்றுள் சில, நம்மவர் கடல் கடந்தும் மலை ஏறியும் பிழைக்கப் போன வரலாற்றைத் தொடுவன. அவற்றைப் பற்றி என் மனத்திற் பட்டதை இப்பத்திரிகை வாசகர் முன் வைக்கிறேன். நான் இலக்கியப் பண்டிதன் அல்லேன். படித்ததும் ஆங்கிலப் பள்ளியில். செக்ரோல் எழுதுகிறவன் கண் எந்தப் புத்தகத்திலும் முதலில் கணக்கின் மேலேயே விழும். ஆகவே ஒவ்வொரு நாவலிலும் கணக்கு எழுதுகிறவன் யார், கைநாட்டு வைக்கிறவன் யார் என்று தேடிக்கொண்டே போனேன். இந்த அளவுகோலை விமரிசகர் ஒப்பமாட்டார்கள். தோட்டத்து மக்கள் ஒப்புவார்கள் என்று நம்புகிறேன்.

முதலாவது, டாக்டர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரெட் டீ’. இரா. முருகவேள் இதனை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கி 2007-இல் தந்தார். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர். நோயாளிகளிடமும் முதியோரிடமும் கேட்டறிந்தவற்றைக் கதையாகத் தொடுத்தார். திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை என்னும் ஊரைச் சேர்ந்த கருப்பனும் அவன் மனைவி வள்ளியும், ஒரு மேஸ்திரியின் இனிய பேச்சைக் கேட்டு, ஓராண்டு உழைத்துப் பணம் சேர்த்துத் திரும்பலாம் என்று வால்பாறை மலைக்குப் போகிறார்கள். கையில் முன்பணம் விழுகிறது. அந்த முன்பணமே விலங்கு. வழிச் செலவு கடன், கம்பளி கடன், அரிசி கடன், காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி இல்லையாதலின் அதுவும் கடன். ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும் நாளன்று, வீடு திரும்பும் கனவோடு நிற்கிறவர்களுக்கு, இன்னும் அவர்கள் கொடுக்க வேண்டிய தொகையே படித்துக் காட்டப்படுகிறது.

இந்த நாவலில் எனக்குப் பெரிதாகத் தோன்றியது இக்கணக்குதான். துரை அடிப்பதும், மலைக் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போவதும் வாசிப்போர் நெஞ்சை உருக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் அடி உதையைக் காட்டிக் கண்ணீர் வரவழைப்பது எழுதத் தெரிந்த எவர்க்கும் கைகூடும். ஒரு மனிதனை அடிக்காமலே, கதவைப் பூட்டாமலே, வெறும் கூட்டல் கழித்தலால் கட்டிப்போடலாம் என்பதைக் காட்டுவதற்கு அத்தொழிலின் உள்ளே இருந்தவர் வேண்டும். டேனியல் உள்ளே இருந்தவர். அவர் தரும் தொகைகள் சிறியவை. அச்சிறுமையே பயங்கரமாக இருக்கிறது.

இரு மொழியிலும் வாசித்தேனாதலின் இன்னொன்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் கருப்பன் பேசும்போது, நோயாளி சொல்வதை ஒரு வைத்தியர் குறித்துக்கொள்வது போலிருக்கிறது. தமிழில் அவன் தன் வாயாலேயே பேசுகிறான். மூலத்தினும் மொழிபெயர்ப்பு உயர்ந்தது என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும்; இந்த நூலைப் பற்றி நான் துணிந்தே சொல்வேன். (2013-இல் வந்த ‘பரதேசி’ என்னும் படம் இதனைத் தழுவியது. படம் பார்த்தவர்கள் நூலை வாசித்துவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டா.)

குறை இல்லாமல் இல்லை. இந்த மலையில் நல்லவன் முதல் பக்கத்திலேயே நல்லவன். கெட்டவன் முதல் பக்கத்திலேயே கெட்டவன். குறிப்பாக, ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் லஞ்சம் வாங்கவும் அதட்டவுமே பிறந்தவர்களாக வருகிறார்கள். என் வர்க்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எவரும் நினைக்க வேண்டா. என் புகார் வேறு. லஞ்சக்காரக் கிராணியை மட்டும் காட்டினால், வாசிக்கிற கிராணி தப்பித்துக்கொள்கிறான். “நான் ஒரு காசு வாங்கியதில்லை” என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறான். ஒரு காசும் வாங்காத கிராணி, ஒரு தப்பும் இல்லாமல் எழுதிய கணக்கிலும் கருப்பனின் கடன் ஏறிக்கொண்டேதான் போகும். அப்படி ஒரு கிராணியை டேனியல் படைத்திருந்தால் இந்த நாவல் எங்கள் தூக்கத்தை இன்னும் அதிகமாகக் கெடுத்திருக்கும்.

நிற்க. நம் நாட்டுக் கித்தாத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி ஆள் கட்டி வந்தது அதன் பின்னும் நடந்து, இந்திய அரசாங்கம் 1938-இல் தடை விதித்ததோடு நின்றது. சட்டப்படி பார்த்தால் நம் முன்னோர் வால்பாறைக் கருப்பனை விடச் சுதந்திரமானவர்கள். கடைக் கணக்கு, கங்காணிக் கடன், கள்ளுக்கடைப் பாக்கி ஆகிய மூன்றையும் அறிந்த குடும்பங்களில் பிறந்தவர்கள் அந்தச் சுதந்திரத்தின் நீள அகலத்தைத் தாங்களே அளந்துகொள்ளலாம்.

இரண்டாவது நூல் ஒரு பிரெஞ்சுக்காரருடையது. ஆன்றி ஃபோக்கோனியே இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூருக்கு வந்து கித்தாவும் பின்னர் செம்பனையும் பயிரிட்ட தோட்டக்காரர். அவர் எழுதிய ‘மலேசி’ 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ‘தி சோல் ஆஃப் மலாயா’ என்ற ஆங்கில மொழிபெயர்ப்பை நான் வாசித்தேன். எழுத்தழகில் இந்தப் பட்டியலில் இதற்குச் சமமாக ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பின்னர் வரும். மழை பெய்த காடும், கடலோர மணலும், மலாய்க் கிராமத்தின் மாலைப் பொழுதும் இவர் கையில் உயிர் பெறுகின்றன. ரோலேன் என்னும் துரை, வெள்ளையர் கிளப்பை வெறுத்து, மலாய் மக்களின் பந்துன் பாட்டுகளைக் கற்று, தனித்து வாழ்கிறவன். அவனிடம் பாடம் கேட்கும் இளைய துரை லெஸ்கால் கதை சொல்லுகிறான். மலாய் இளைஞன் ஸ்மாயிலின் மனம் மெல்ல மெல்ல இருண்டு கடைசியில் வெறி கொண்டு கத்தியேந்துவதை எழுதியிருக்கும் விதத்தை எவரும் மறக்கமாட்டார்.

அவ்வளவு நுட்பமுள்ள மனிதர், தம் தோட்டத்திலேயே காடழித்துக் கன்று நட்ட தமிழரிடம் வரும்போது என்ன செய்கிறார்? தமிழர் மேனியின் கருமை அழகைப் புகழ்கிறார். அவர்களை வெறுக்கவில்லை, அக்காலத்துத் துரைமார் பலரினும் இவர் பார்வை பரிவுடையதே. ஆயினும் மலாய்க்காரனுக்கு ஓர் உள்ளமும் பாட்டும் தந்தவர், தமிழனுக்கு உடம்பை மட்டும் தந்து நிறுத்திக்கொண்டார். பழனியாய் என்னும் தமிழ்ப் பெண் வருகிறாள். துரையின் இரவுகளுக்காக வருகிறாள். அவள் என்ன நினைத்தாள், லயத்திலே அவளைப் பற்றி என்ன பேசினார்கள், மறுநாள் பெரட்டில் அவள் எந்த வரிசையில் நின்றாள் என்று கேட்க இந்நாவலில் ஆளில்லை. பரிசு பெற்ற நூல். உலகம் முழுதும் நம் நாட்டை அறிந்துகொண்ட நூல். அதில் நம் பாட்டிமாருக்குக் கிடைத்த இடம் இவ்வளவு. எனினும், கோபத்தால் இந்நூலைத் தள்ளிவிடுவோர் நஷ்டமடைவர். மண்ணையும் மழையையும் எப்படி எழுதுவது என்று நம் எழுத்தாளர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993). மாயா என்ற இளைஞன், ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன தன் தந்தையைத் தேடிச் சயாமுக்குப் போகிறான். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த, சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் பர்மாப் பாதையே கதையின் களம். நடை எளியது, சில இடங்களில் மிக எளியது. காதல் சம்பவங்களுக்கு இவ்வளவு இடம் வேண்டுமா என்று எனக்குத் தோன்றிற்று. ஆனால் கொட்டகையும் சேறும் காலராவும் வரும் பக்கங்களில் நடையைப் பற்றிய நினைப்பே எழவில்லை. அ. ரெங்கசாமி இதே பாதையைப் பற்றி எழுதிய ‘நினைவுச் சின்ன’த்தையும் உடன் வைத்து வாசிக்கலாம்.

இதே பாதையை வைத்து, மலாயாவில் தோட்ட உத்தியோகம் பார்த்திருந்த பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1952-இல் எழுதிய குவாய் நதிப் பாலக் கதை, 1957-இல் படமாகி உலகப் புகழ் பெற்றது. அது ஆங்கிலேயப் போர்க்கைதிகளின் கதை. அப்பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காஞ்சனபுரி மயானத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் கல்லறைகளில் வரிசையாக உறங்குகின்றனர். ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் நம்மவர் பெருந்தொகையினர். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஜப்பானியர் கேட்டபோது செக்ரோலைப் புரட்டிப் பெயர் கொடுத்தவர்களில் கிராணிமாரும் கங்காணிமாரும் இருந்தார்கள் என்று முதியோர் சொல்லுவதுண்டு. போகும்போது எழுதப்பட்ட பெயர், திரும்பாதபோது எங்கும் எழுதப்படவில்லை. ஒரு கணக்குப்பிள்ளை மனத்துக்கு இதைவிடப் பெரிய அநியாயம் எது? சண்முகம் அந்த விடுபட்ட பதிவுகளில் சிலவற்றை எழுதிப் பார்த்தார். கலைக் குறைகளை எண்ணிக்கொண்டிருப்போர், அவர் எழுதாமலிருந்தால் நம்மிடம் என்ன இருந்திருக்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

இனி, முன்பு சொல்லிவைத்த மற்றொரு நூல்: ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). சிங்கம்புணரியில் பிறந்து, 1938-இல் மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்து, போருக்குப் பின் மதுரைக்குத் திரும்பிப் பத்திரிகையில் உத்தியோகம் பார்த்தவர். தோட்டத்து மக்கள் இவர் கதையில் அதிகம் இல்லை. மேடான், பினாங்கு வட்டிக்கடைகளின் பெட்டியடிப் பையனும் அடுத்தாளும் மேலாளும், நேதாஜியின் படையில் சேர்ந்த இளைஞரும் இருக்கிறார்கள். மலாய்ச் சொல்லும் செட்டிநாட்டுக் கடைச் சொல்லும் போர்க்களச் சொல்லும் கலந்து ஓடும் இந்நடை முதல் ஐம்பது பக்கம் வாசகனைத் திணறடிக்கும். பொறுத்துக்கொண்டு போகிறவருக்குப் பிறகு வேறு நாவல் ருசிக்காது. கதாநாயகன் பாண்டியனும் நண்பர்களும் பழந்தமிழ்ப் பெருமையை எடுத்துவைத்துக் கிழி கிழி என்று கிழிக்கும் இடங்கள் நம் மேடைப் பேச்சாளர்களுக்குக் கசக்கும். கசக்கட்டும். இந்நூலை வாசித்துச் சிரிக்க முடியாதவன் தன் மொழிமேல் வைத்த அன்பு உறுதியானதாக இராது. இவருடைய முந்திய நாவலான ‘கடலுக்கு அப்பா’லில், படையிலிருந்து மீண்டும் வட்டிக்கடைக்குத் திரும்பிய செல்லையாவுக்கு முதலாளி தம் மகளைத் தர மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை பேரேட்டுக்கு ஆகாதாம்! அந்த முதலாளியைச் சிங்காரம் கெட்டவனாக்கவில்லை. அவர் நியாயமும் நமக்குக் கேட்கிறது. டேனியலிடம் நான் தேடிக் காணாதது இங்கே கிடைத்தது.

கே. எஸ். மணியம் 1981-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். அது எனக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கிறது. கெடாவில் வெள்ளாவி வைக்கும் குடும்பத்துப் பையன் ரவி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். படிப்பு ஏற ஏற வீட்டில் பேச அவனிடம் சொல் குறைகிறது. தந்தையோ தமக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டிப் பட்டா இல்லாத மண்ணில் வீடு கட்டி, அந்தப் பித்திலேயே எரிந்து போகிறார். ஆங்கிலம் படித்து லயத்தைவிட்டு ஆபீசுக்கு நகர்ந்தவர்கள், தந்தையின் பேச்சில் மகனுக்குப் பொருள் விளங்காமற் போகும் பக்கங்களை வேகமாகப் புரட்டமாட்டார்கள்.

‘இவையெல்லாம் பழங்கதை, தோட்டத்துத் தமிழரே பட்டணம் போய்விட்டனர்’ என்று பட்டணத்து நண்பர் ஒருவர் சொன்னார். போனது உண்மை. நான் இன்று எழுதும் செக்ரோலில் தமிழ்ப் பெயர் அருகிவிட்டது. இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர் பெயர்களே நிறைய. ஊரில் தரகருக்குக் கொடுக்க நிலத்தை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ வந்தவர்கள் அவர்களில் பலர். மயிலோடைக் கருப்பன் மேஸ்திரியிடம் பணம் வாங்கி வந்தான். இவர்கள் தரகருக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். கடன் திசை மாறியிருக்கிறது. எடை மாறியதாகத் தெரியவில்லை. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுங்க இலாகா, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உண்டென்று கூறி, நம் நாட்டுப் பெரிய செம்பனை நிறுவனங்கள் இரண்டின் எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்ததும், அதன் பின் அந்நிறுவனங்கள் தொழிலாளருக்குத் தரகுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததும் வாசகர் அறிந்ததே.

அவர்களோடு சேர்ந்து குலை எண்ணும் தமிழர் சிலர், ‘பங்களா’ என்றும் ‘இந்தோன்’ என்றும் அவர்களை ஒரே பெயரால் கூப்பிடுகிறார்கள். நம் பாட்டனாரை ‘கூலி’ என்றும் ‘கிளிங்’ என்றும் கூப்பிட்டவர்களை நாம் இன்னும் மன்னிக்கவில்லை. இந்தப் புதிய ஆட்களைப் பற்றி நாவல் எழுதத் தகுந்தவர் யார்? ஃபோக்கோனியேயைப் போல அவர்கள் உடம்பை மட்டும் கண்டு எழுதக்கூடிய இடத்தில் இன்று நாம் இருக்கிறோம். அவர்களில் எவரேனும் தம் மொழியில் எழுதினால், அதில் கணக்கு எழுதுகிறவனுக்குத் தமிழ்ப் பெயர் இருக்கும்.

மேற்சொன்னவற்றுள் முருகவேளின் மொழிபெயர்ப்பையும் சிங்காரத்தின் இரு நாவல்களையும் கையில் கிடைத்தால் விடாமல் வாங்குங்கள். சண்முகத்தின் நூலை வாசகசாலைக்காரர்கள் வாங்கி வைக்க வேண்டும். அகிலன் இந்நாட்டுத் தோட்டங்களைக் கண்டு சென்று எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ என் மேசையில் காத்திருக்கிறது. சம்பள வாரம் முடிந்ததும் எடுக்க வேண்டும்.