மழலைப் பாடல்களில் சூழல் உறவு: பேண்தகைமைக் கல்வி நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

இயற்கை வளங்களை இன்றைய தேவைக்குத் துய்க்கும்போது நாளைய தலைமுறையின் தேவையையும் மனத்திற்கொள்ள வேண்டும் என்னும் கருத்து, 1987இல் வெளியான புருண்ட்லாந்து ஆணைய அறிக்கைக்குப் பின் உலகளாவிய கொள்கையாயிற்று. இதனைப் 'பேண்தகு வளர்ச்சி' எனத் தமிழில் வழங்குகிறோம். 'பேண்' என்னும் வினையடி போற்றுதல், காத்தல், விரும்புதல் ஆகிய பொருள்களைத் தருவது. ஆதலின் இத்தமிழாக்கத்தில் நீடித்து நிற்றல் என்பதோடு அன்பும் கலந்துள்ளது. அவ்வன்பைப் பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் குழந்தைக்கு எவ்வாறு ஊட்டுவது? இதற்குத் தமிழ் மழலைப் பாடல் மரபு தரும் விடை யாது? இவ்வினாக்களைப் பெங்களூர்த் தமிழ்க் குழந்தைகளின் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்விப் பின்புலம்

எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. 2003இல் அதனை மீண்டும் வலியுறுத்தியது. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டினைப் பேண்தகு வளர்ச்சிக்கான கல்விப் பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டுமொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கிறது. 2022இல் வெளியான அடித்தள நிலைக் கலைத்திட்டச் சட்டகம் மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளைத் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. ஆக, 'எம்மொழியில், எவ்வயதில்' என்னும் வினாக்களுக்குக் கொள்கையளவில் விடை உண்டு. 'எப்பாடலைக் கொண்டு' என்பதே எஞ்சி நிற்கும் வினா. இதற்கு விடை கூறும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கு உரியது.

மழலைப் பருவத்தினர் நிலவுக்கும் காற்றுக்கும் உயிரும் விருப்பமும் உண்டெனக் கருதுவர் என்பது உளவியலறிஞர் பியாஜே கண்ட உண்மை. பேரழிவுச் செய்திகளை மிக இளம் வயதில் புகட்டினால் குழந்தை இயற்கையை நேசிப்பதற்கு முன்னரே அதனைக் கண்டு அஞ்சி விலகும் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996இல் எச்சரித்தார். இவ்விரு கருத்துகளும் நம் பாடல்களை மதிப்பிட ஏற்ற அளவுகோல்களாகின்றன.

விளியும் ஏவலும்

தமிழ் வாய்மொழி மரபின் மழலைப் பாடல்கள் பெரும்பாலும் விளியில் தொடங்குகின்றன. நிலவு அழைக்கப்படுகிறது, காகத்திடம் மையும் குருவியிடம் பூவும் கேட்கப்படுகின்றன. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவம் இவ்வழக்கின் இலக்கிய வடிவம் எனலாம். குழந்தை அஃறிணையை முன்னிலையாக்கிப் பேசுவதைப் பிழையென இம்மரபு திருத்தவில்லை. அதனையே பாடலின் இலக்கணமாக்கிக் கொண்டது. பியாஜே பின்னாளில் விளக்கிய உளநிலையைத் தாய்மார் தம் பட்டறிவால் அறிந்திருந்தனர் என்பது இதனால் பெறப்படும்.

இன்று சுற்றுச்சூழலின் பெயரால் எழுதப்படும் மழலைப் பாடல்களிலோ ஏவலும் வியங்கோளுமே மிகுந்துள்ளன. மரம் நடுக, நீரைச் சேமிக்க, நெகிழியை ஒழிக்க என அவை பணிக்கின்றன. இங்கு மரம் படர்க்கைக்குத் தள்ளப்பட, குழந்தை கட்டளை கேட்கும் முன்னிலையாகிறது. முன்னையதில் குழந்தை பேசியது; பின்னையதில் குழந்தையிடம் பேசப்படுகிறது. கருத்தால் இப்பாடல்கள் குறையுடையன அல்ல. ஆனால் குழந்தைக்கும் மரத்துக்கும் இடையில் ஓர் ஆசிரியர் வந்து நின்றுகொள்கிறார் என்பதே அவற்றின் குறை. மூன்று வயதுக் குழந்தைக்கு நடுவதற்கு நிலமோ மூடுவதற்குக் குழாயோ தன் பொறுப்பில் இல்லை என்பதையும் அவை மறந்துவிடுகின்றன.

பால் யாருக்கு?

பாரதியின் பாப்பாப் பாட்டும் (1915) கவிமணியின் 'பசுவும் கன்றும்' என்னும் பாடலும் தமிழ்க் குழந்தைகள் யாவரும் அறிந்தவை. இரண்டிலும் பசு வருகிறது. பாரதியின் பசு பாலைப் பொழிந்து தருவதால் நல்லது, நாய் மனிதனுக்குத் தோழன், குதிரை வண்டி இழுக்கிறது, மாடு உழுகிறது. விலங்குகளை ஆதரிக்க வேண்டும் என்னும் அருள் இங்குப் பயனோடு பிணைந்து நிற்கிறது. எனினும் பாரதி பயனோடு நின்றுவிடவில்லை. எவ்வகையிலும் உதவாத, திருடித் தின்னும் காகத்தின்மீதும் இரக்கம் கொள்ளுமாறு கூறும் இடத்தில் பாடல் பயன்நோக்கைக் கடந்துவிடுகிறது. பாடநூல் விளக்கங்கள் பசுவின் நன்மையைப் பெரிதும் எடுத்துரைக்கின்றன. சூழல் நோக்கிலோ காகமே அப்பாடலின் உயர்ந்த இடம் என்பது இவ்வாய்வின் கருத்து.

கவிமணியின் பாடலில் மனிதரே இல்லை. பசு நக்குகிறது, கன்று குடிக்கிறது. ஒன்று அழைக்கிறது, மற்றொன்று ஓடி வருகிறது. பால் கன்றுக்கே உரியதாகிறது. 'பசு நமக்கு என்ன தருகிறது?' என வகுப்பறைகளில் வழக்கமாக எழும் வினாவுக்கு இப்பாடலில் விடை கிடையாது. அறிவுரை ஒன்றும் கூறாமல், தனக்கென வாழும் ஓர் உயிரைக் குழந்தையின் கண்முன் நிறுத்துவதால் சூழலறத்தின் முதற்பாடம் இப்பாடலில் அமைந்துவிடுகிறது.

அழ. வள்ளியப்பாவின் (1922–1989) மாம்பழப் பாடல் மூன்றாம் நிலையைக் காட்டுகிறது. பழத்தின் சுவையையும் ஊரையும் பாடிவந்து, அனைவரையும் அழைத்துப் பங்கிட்டு உண்பதில் அது முடிகிறது. துய்த்தலை இப்பாடல் பழிக்கவில்லை, பகிர்தலோடு இணைக்கிறது. உள்ளதைப் பலரும் பகிர்தல் என்பதே பேண்தகைமையின் சாரமாதலின், அச்சொல் பிறப்பதற்கு முன்னரே அதன் பொருள் மழலைக்கு எட்டியிருந்தது எனலாம்.

பழமை பாராட்டலின் எல்லை

இவ்விடத்தில் நம் ஆய்வுலகின் ஒரு வழக்கத்தைச் சுட்ட வேண்டியுள்ளது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும் சூழலியல் முன்னோடிகளாகக் காட்டப்படுகின்றனர். தொகைநூல்களில் அச்செயல்கள் கொடையின் எல்லையின்மையைப் புகழ வந்தவை. கொடைமடம் என்று மரபு அவற்றைப் பெயரிட்டது. அவற்றைச் சூழல் காப்பாகவே விளக்குவது புலவர் நோக்கைச் சுருக்குவதாகும். மேலும், கொடிக்குத் தேர் பயனற்றது என்று ஒரு குழந்தை எளிதாகக் கேட்டுவிடும்.

நற்றிணையின் 172ஆம் பாடல் இதனினும் தக்க சான்று. சிறுமியர் மணலில் புன்னை விதையைப் புதைத்து விளையாடி, அதனை மறந்து போகின்றனர். விதை முளைவிட, பாலும் நெய்யும் பெய்து வளர்க்கின்றனர். அம்மரம் உனக்குத் தங்கை என்று தாய் உரைக்கிறாள். அதனால் அதன் நிழலில் காதலனோடு நகையாடத் தலைவி நாணுகிறாள் எனத் தோழி கூறுகிறாள். இங்குக் கற்பித்தல் முறை ஒன்று முழுமையாகவே உள்ளது. விளையாட்டு முதலில் வருகிறது. வளர்ப்பு அதனைத் தொடர்கிறது. தாய் வாயிலாக உறவுப்பெயர் பின்னர் அமைகிறது. அறம் இறுதியில் நாணமாகத் தானே வெளிப்படுகிறது. கட்டளை எங்கும் இல்லை. பாடல் அகப்பொருளது என்பதனை மறவாமலே இவ்வுண்மையை ஏற்கலாம்.

தொல்காப்பிய மரபியல் தொகுத்துரைக்கும் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பது இளமைப் பெயர்களும் கவனத்திற்குரியன. இன்று பெரும்பாலான குழந்தைகளிடம் 'குட்டி' என்னும் ஒரு சொல்லே இவற்றுள் பலவற்றின் பணியைச் செய்கிறது. பெயர் குறைந்தால் நோக்கும் குறையும்.

பெங்களூர்ச் சூழல்

பெங்களூர் ஏரிகளால் வாழ்ந்த நகரம். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் கெம்பேகவுடா பேருந்து நிலையமும், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கும் உள்ளன. இன்று நகருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் கொணரப்படுகிறது. பெல்லந்தூர் ஏரியின் நுரையில் 2015இலும் 2017இலும் தீப்பற்றியது. 2024 கோடையில் கடும் நீர்த்தட்டுப்பாடு நேர்ந்தது. தண்ணீர் தீயை அணைக்கும் என்று பாடம் கற்கும் குழந்தையிடம், ஏரி எரிந்ததை எவ்வாறு விளக்குவது?

தமிழகப் பாடல்களில் வரும் வயலும் தோட்டமும் இங்குள்ள அடுக்ககக் குழந்தைக்குச் சொல்லளவில் நிற்பவை. ஆயின் அக்குழந்தை இருமொழிக் குழந்தை என்பது ஒரு வளம். 'கோவின ஹாடு' என்னும் கன்னடக் கதைப்பாடலில் புண்ணியகோடி என்னும் பசு, கன்றுக்குப் பாலூட்டி மீள்வதாகப் புலிக்கு வாக்களித்துச் சென்று, சொன்னபடி திரும்பி வருகிறது. இங்கும் பால் கன்றுக்கே. கவிமணியின் பாடலை இதனோடு இணைத்துக் கற்பிக்கும் வாய்ப்பு பெங்களூர் ஆசிரியருக்கு உண்டு. அக்கதையில் புலி நாணி உயிர்விடுவது வாய்மையின் உயர்வைக் காட்டவே. புலி இரை கொள்வது குற்றமன்று என்பதனையும் ஆசிரியர் உடன்கூறல் வேண்டும். இல்லையேல் அறம் கற்பிக்கப் போய் இயற்கையைப் பழித்ததாக முடியும்.

அல்சூர் ஏரிக்கரையிலோ பள்ளி முற்றத்து மரத்தடியிலோ குழந்தைகளை அமர்த்தி, கண்ட பறவையை விளித்துத் தாமே ஓரடி பாடச் செய்யலாம். அவ்வடி தமிழும் கன்னடமும் கலந்து வரினும் குறையன்று. ஒரே மரத்தைப் பருவந்தோறும் கண்டு, இலையுதிர்வையும் பூப்பையும் சொல்லச் செய்யலாம். அம்மரத்திற்கு ஓர் உறவுப்பெயர் இடும் உரிமையும் குழந்தைகளுக்கே உரியதாகட்டும்.

முடிவுரை

மழலைப் பாடல்களில் சூழலுணர்வு விளி, பயன், பகிர்வு, ஏவல் என நால்வகையில் அமைகிறது. இவற்றுள் விளியும் பகிர்வும் மழலை உளநிலைக்கு இயைந்தவை. பயன், இரக்கத்தோடு சேர்ந்தவழிச் சிறப்பது. ஏவல், செயலாற்றும் வயதுக்குரியது. பாரதியின் காகமும் கவிமணியின் கன்றும் இந்நோக்கில் மறுவாசிப்புக்கு உரியன. பழம்பாடல்களில் இன்றைய கொள்கைகளைத் தேடிக் காண்பதைவிட, அவை உறவை வளர்த்த முறையைக் கற்பது பயன்தரும். எரிந்த ஏரிக்குக் குழந்தை பொறுப்பன்று. ஏரியை விளித்துப் பாடக் கற்ற குழந்தை வளர்ந்தபின், அதில் கழிவைக் கலக்க நாணும் என்று எதிர்பார்க்கலாம். புன்னை நிழலில் தோன்றிய அந்நாணத்தை மழலைக் கல்வியின் இலக்காகக் கொள்வது தகும்.