கடுமை குறைந்தது, காலமும் குறைந்தது

பெரம்பலூர், அரியலூர் ஊர்ப்பக்கம் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பெரியவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு, இப்போது சேருகிற பையன்களுக்கு ஒழுங்கு போதாது என்பது. பாதிதான் ஏற்க முடிகிறது. பழைய ஒழுங்கில் அச்சம் எவ்வளவு, பிணைப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அச்சத்தின் பங்கு பெரிது. சம்மரி கோர்ட் மார்ஷலில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். சிப்பாய் ரஞ்சித் தாக்கூர் தன் கமாண்டிங் ஆபீசர் மீது மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அதற்காக 28 நாள் சிறை. அந்தக் காவலில் சாப்பிடச் சொன்ன உத்தரவை மறுத்தார் என்று, அதே ஆபீசர் நீதிபதியாக உட்கார்ந்து ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் விதித்தார். 1987இல் உச்ச நீதிமன்றம் இதை ரத்துசெய்தது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லை, புகாருக்கு ஆளானவரே தீர்ப்பளிக்கக் கூடாது என்பவை காரணங்கள். 2009இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்தது, சென்னையிலும் ஓர் அமர்வு இருக்கிறது. செந்துறைச் சிப்பாயும் வேப்பந்தட்டைச் சிப்பாயும் நீதி கேட்டுப் போக ஓர் இடம் கிடைத்ததை ஒழுங்கின் தளர்ச்சி என்று சொல்வது அநியாயம். சிப்பாயை அதிகாரியின் வீட்டு வேலைவரை இழுத்துவிட்ட சகாயக் (உதவியாள்) முறையை நாடாளுமன்றக் குழுவே எதிர்த்தது. கடற்படையும் விமானப்படையும் அந்த முறை இல்லாமலே கட்டுக்கோப்பாக இயங்குகின்றன.

பெரியவர்கள் குறைசொல்லும் கைப்பேசி சிறிய விஷயம்தான். '56 ஏபிஓ' என்ற ராணுவ அஞ்சல் முகவரிக்கு இன்லேண்ட் லெட்டர் போட்டுக் காத்திருந்த காலம் போய்விட்டது. 2020இல் வீரர்களின் கைப்பேசியிலிருந்து 89 செயலிகளை நீக்கச் சொன்னது ராணுவம். ரகசியம் காக்க அந்தக் கண்டிப்பு தேவை.

பிணைப்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பெரியவர்களின் ஒழுங்கை உண்மையில் தாங்கியது, ஒரே ரெஜிமென்ட்டில் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஒன்றாகத் தின்று, தூங்கி, காவல் காத்த வாழ்க்கை. 2022 ஜூன் மாதம் அறிவித்த அக்னிபத் திட்டம் அதை நான்காண்டாகச் சுருக்கியது. நூறு பேரில் இருபத்தைந்து பேர்வரைதான் நிரந்தரமாக நீடிக்கலாம். பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் தோழனா, போட்டியாளனா என்ற கேள்வி முதல் நாளிலேயே பாசறைக்குள் நுழைந்துவிடுகிறது.

படை இளமையாக வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. மலை உச்சிப் போருக்கு இளம் உடல்கள் வேண்டும். பணிக்காலத்தைக் குறைக்கக் கார்கில் ஆய்வுக் குழுவும் சொன்னது. ஆனால் அது சொன்னது ஏழு முதல் பத்தாண்டு. அந்தக் காலத்தில் ஏழாண்டு பணிசெய்து ரிசர்வ் பட்டியலில் எட்டாண்டு இருந்தவருக்கும் ரிசர்விஸ்ட் ஓய்வூதியம் இருந்தது. அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரருக்கு ஓய்வூதியமும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. நான்காண்டு முடிவில் கிடைக்கும் சுமார் 11.71 லட்சத்தில் பாதி, அவர் சம்பளத்தில் பிடித்த பணமும் அதன் வட்டியுமே.

வானம் பார்த்த பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இந்தப் பக்கத்தில் ஒரு சிப்பாயின் ஓய்வூதியம் ஒரு குடும்பத்தையே தாங்கியது. அதை நம்பித்தான் பையன்கள் விடியுமுன் தார்ச்சாலையில் ஓடிப் பழகினார்கள். திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகம் நடத்தும் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். இன்றும் ஓடுகிறார்கள். நான்காண்டு முடிந்து திரும்பி வருபவருக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் இடஒதுக்கீடு உண்டு. அதுவும் புதிதாக ஒரு வரிசையில் நிற்பதுதான்.

2019இல் புல்வாமா தாக்குதலில் இறந்தவர்களில் ஒருவரான சி.ஆர்.பி.எஃப். வீரர் சிவச்சந்திரன் அரியலூர் மாவட்டத்துக் கார்குடிக்காரர். உயிரிழப்பு எப்படி இருக்கும் என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே பதுங்குகுழியில் வழக்கமான சிப்பாயும் அக்னிவீரரும் இறந்தால், முன்னவர் வீட்டுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுதும் வரும். பின்னவர் வீட்டுக்குக் காப்பீடும் கருணைத்தொகையும் உண்டு, மாதாமாதம் வரும் ஓய்வூதியம் இல்லை. குறைந்தபட்சம் இந்த வேறுபாட்டையாவது முதல் அணியின் நான்காண்டு முடிவதற்குள் அரசு நீக்க வேண்டும்.