பெடலை வெட்டலாமா?

கடையில் விற்கும் பெடல் நீட்டிப்பையோ இடப்பக்க ஆக்சிலரேட்டரையோ வாங்கி, தன் காருக்கும் காலுக்கும் ஏற்ப லேத் பட்டறையில் திருத்தி மாட்டிக்கொள்வதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. போலியோவால் ஒரு கால் குட்டையானவருக்கும் வலக்கால் செயலிழந்தவருக்கும் கார் ஓட்ட அது ஒரு வழி. விபத்தில் நடக்கும் திறனை இழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் மறுவாழ்வு நிலையம் கண்ட வேலூரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பெடலை ஏன் தொடவேண்டும், ஆம்பூரில் ஷூவின் அடியைத் தடிப்பாக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சிறிய குறைக்கு அது சரி. அடி தடிக்கத் தடிக்கப் பெடலின் அசைவு காலுக்குத் தெரியாமல் போகும். ஷூவின் விளிம்பு பக்கத்துப் பெடலிலும் மாட்டும். ஆகவே மாற்றவேண்டியது பெடலைத்தான். எப்படி மாற்றுவது என்பதில்தான் வழக்கு.

என் கட்சி இது: பழைய பெடலை அப்படியே விட்டு அதன்மேல் நட்டு போல்ட்டால் பூட்டும் வேலை நல்லது, பெடல் தண்டை வெட்டி வெல்டிங் வைப்பது தவறு. பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். மிதிக்கும்போது காலின் விசை தண்டை வளைக்கப் பார்க்கிறது; பதறிப்போய் மிதித்தால் இன்னும் அதிகம். ஒட்டு போட்ட இடம் அந்த விசையை ஆயிரக்கணக்கான முறை தாங்கவேண்டும். வேலூர்ப் பக்கம் வெல்டிங் கைகளுக்குப் பஞ்சமில்லை. ராணிப்பேட்டையில் பெல் (பாரத் மிகுமின் நிறுவன) ஆலையே இருக்கிறது. ஆனால் பெரிய ஆலையில் ஒட்டைச் சோதிப்பதும் வேலையின் ஒரு பகுதி, பட்டறையில் சோதனை கண்ணோடு முடிகிறது. போல்ட் தளர்ந்துவிடுமே என்பது நியாயமான மறுப்புதான். தளர்ந்தால் பெடல் ஆடும், காலுக்குத் தெரியும், முடுக்கிவிடலாம். ஒட்டுக்குள் ஓடும் விரிசல் பெரும்பாலும் முறியும்வரை வெளியே தெரியாது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், முன்னால் லாரி திடீரென நிற்கும் இடத்திலா அது தெரியவேண்டும்? ஆக்சிலரேட்டரில் சிக்கல் வேறு. கனத்த இரும்புக் கட்டையைப் பொருத்தினால், இலேசான பெடலுக்கென்று வைத்த ஸ்பிரிங் அதை மேலே கொண்டுவரத் திணறும். அங்கே அலுமினியமே மேல்.

சட்டம் இந்தத் தேவையை ஒப்புக்கொள்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், மாற்றுத்திறனாளிக்காகக் காரை மாற்றியமைத்துவிட்டு அதன் பிறகு பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் பெற இடம் தருகிறது. மற்றபடி விதியை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பிறகு ஒப்புதல் பெறும் சலுகை மனிதாபிமானமானது. அதன் பலவீனமும் அதற்குள்ளேயே இருக்கிறது. வேலை முடிந்து பெயின்டும் அடித்தபின் வரும் வண்டியில் ஒட்டின் உள்தரத்தை ஆய்வாளர் எப்படி அறிவார்? போல்ட்டால் பூட்டியதென்றால் கழற்றிக் காட்டச் சொல்லலாம். ஆட்டோமேட்டிக் கார் வந்துவிட்டது, இதெல்லாம் எதற்கு என்பார்கள். அது கிளட்ச் பெடலை மட்டுமே நீக்குகிறது; வலக்கால் இல்லாதவர் காலால் ஓட்ட ஆக்சிலரேட்டர் இடப்பக்கம் வந்தாகவேண்டும். அதே காரை வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார். கிளட்ச் மிதித்துப் பழகிய அவருடைய இடக்கால் தன்னையறியாமல் அந்தப் புதுப் பெடலுக்குப் போகும். அதனால் அது மடக்கவோ கழற்றவோ கூடியதாக இருக்கவேண்டும். வெல்டிங் வைத்த பெடலை யார் கழற்றுவது?