படித்தவர் கருத்தும் நூலின் மதிப்பும்

நூல் ஒன்றைப் படித்து முடித்தவரிடம் அதைப்பற்றிக் கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். நூல் வெளியீட்டு மேடைகளிலும் இதே விடை மாலையோடும் பொன்னாடையோடும் வருகிறது. ஆசிரியர் மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணம் அதில் உண்டு. நூலைப்பற்றிய செய்தியோ ஒன்றும் இல்லை.

இவ்வழக்கத்திற்கு மாறாக நின்றவர் க. நா. சுப்ரமண்யம் (1912–1988). 1957-ல் வெளிவந்த அவருடைய 'படித்திருக்கிறீர்களா?' என்னும் நூல், ஒரு வாசகர் மற்றொரு வாசகரிடம் மனம் விட்டுப் பேசுவது போன்றது. பலரும் போற்றிய கல்கியின் நாவல்களைக் குறை கூற அவர் தயங்கவில்லை. பலர் அறியாதிருந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) நாவலை உயர்த்திப் பேசவும் தயங்கவில்லை.

ஆயினும் அவர்பால் ஒரு குறை உண்டு. இன்ன நூல் சிறந்தது என்பார். ஏன் சிறந்தது என்பதைப் பலவிடத்தும் விளக்காமல் விட்டுவிடுவார். 1959-ல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, நூலை நுணுகி அலசிக் காட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. நெஞ்சில் எழும் முதல் உணர்வு மதிப்புரையின் தொடக்கம். காரணம் காட்டும்போதே அது பிறருக்குப் பயன்படும்.

'நாகம்மாள்' கதையையே எடுத்துக்கொள்வோம். கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அது கொலையில் முடிகிறது. முடிவு சட்டென்று வந்துவிட்டதாக ஒருவர் கருதினால் அதைச் சொல்லலாம். ஆனால் நாகம்மாளை நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ ஆசிரியர் தீர்ப்புக் கூறாமல் விட்டிருப்பதையும், கொங்கு நாட்டுப் பேச்சு அவள் வாயில் இயல்பாக அமைந்திருப்பதையும் உடன் சொல்லவேண்டும்.

கதையல்லாத நூலுக்கு அளவுகோல் வேறு. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்து, 1942-ல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. ஊர், உணவு, வழிநடை என விரியும் பகுதிகள் சிலருக்குச் சலிப்புத் தரலாம். சலித்தது என்று கூறுவதில் இழுக்கில்லை. எனினும் ஒரு மாணவர் தமிழ் கற்க எத்தனை ஊர் நடந்தார், எவர் வீட்டில் உண்டார் என்பன அந்நூலில் வெறும் அலங்காரம் அல்ல. அக்காலக் கல்வி எவ்வாறு நடந்தது என்பதற்கு அவையே சான்று.

மலாயாவிலும் இம்முயற்சி நடந்தது. 1952 முதல் 1957 வரை 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் கூட்டி, இங்கு எழுதப்பட்ட கதைகளின் குறைநிறைகளை ஆராயச் செய்தார். பாராட்டுக்குப் பழகியவர்க்கு அது கசந்திருக்கலாம். எழுத விரும்பியவர்க்கு அது மருந்தாயிற்று.

அம்மருந்து இன்றும் தேவை. மலேசியாவுக்கு வந்து சென்ற அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலை எழுதினார். பெரும் எழுத்தாளர் நம்மைப்பற்றி எழுதினாரே என்ற நன்றியோடு பலர் நின்றுவிடுகின்றனர். கோலா சாவா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்க்குப் பெரட்டும் தெரியும், மங்கும் தெரியும், கட்டிப்பாலின் நாற்றமும் தெரியும். ஆசிரியர் எங்கே உள்ளே நுழைந்து பார்த்தார், எங்கே சாலையில் நின்று பார்த்தார் என்று சொல்லும் தகுதி அவர்க்கே மிகுதி. பெரும் பெயருக்கு அஞ்சி அதை அடக்கிக்கொள்வது ஆசிரியருக்கும் நன்மையன்று.

இப்பழக்கம் பள்ளியில் தொடங்கவேண்டும். பின்னட்டை வாசகத்தைப் பார்த்தெழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண்ணும், "இக்கதை எனக்குப் பிடிக்கவில்லை, ஏனெனில்..." என்று எழுதும் மாணவனுக்குக் கண்டிப்பும் கிடைக்குமாயின், நாளடைவில் நூலகம் இருக்கும், வாசகர் இரார். அந்த "ஏனெனில்" என்னும் சொல்லுக்கு மதிப்பெண் இடுவது தமிழாசிரியர் கடமை.