திம்னாவின் வழக்கு

சிறுவர்க்கான கதைகளில் பெரியவர்கள் இன்பம் காண்பது தகுமா என்று கேட்டால், நம் அரபுக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் முகஞ்சுளிப்பர். அவர்களே 'கலீலா வ திம்னா'வை அரபு உரைநடையின் முன்மாதிரி எனப் போற்றுவர்! அதன் மூலமான பஞ்சதந்திரமோ, கல்வியில் நாட்டமற்ற மூன்று இளவரசர்க்கெனச் சொல்லப்பட்ட கதை.

கி.பி. 8ஆம் நூற்றாண்டில் அதனைப் பஹ்லவியிலிருந்து அரபியாக்கிய இப்னுல் முகஃப்பஃ, இளமையில் இதனைக் கற்றவன், வளர்ந்தபின் பெற்றோர் சேமித்து வைத்த புதையலைக் கண்டவன் போலாவான் என முன்னுரையில் கூறுகிறார். நாம் கண்ட புதையல், திம்னா விசாரணை அதிகாரம்.

மூலத்தில், சிங்கத்திடம் கோள்மூட்டி எருதைக் கொல்வித்த நரி அமைச்சனாகவே நீடிக்கிறது. அரபு நூலிலோ அது விசாரணைக்கு நிறுத்தப்படுகிறது. ஒருவரின் சாட்சி தீர்ப்புக்குப் போதாது என்று அங்கே பேசப்படுகிறது; இரண்டாம் சாட்சி கிடைத்த பின்னரே தண்டனை. இவ்வதிகாரம் இப்னுல் முகஃப்பஃ சேர்த்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. நரி ஒழிந்ததும் குழந்தை மகிழ்ந்து அடுத்த கதைக்குத் தாவிவிடும். எருதைக் கொல்லுமுன் சிங்கம் எத்தனை சாட்சிகளை விசாரித்தது என்பது நமக்கல்லவா உறுத்துகிறது? அதுவும், அந்த எருதின்மீது குழந்தையைப் போல் அன்பு கொண்டு படித்திருந்தால்தான். நூலாசிரியரும் பின்னர் பஸராவில் ஆளுநரால் கொல்லப்பட்டார். அவருக்கு அத்தகைய விசாரணை வாய்க்கவில்லை.